15 மீட்டரில் கிடக்கும் கப்பல்: சென்னை டைவர்களுக்கான கையேடு

மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் சொல், "15 மீட்டர்தானே!" இந்தத் "தானே"யை முதலில் விட்டுவிடுங்கள். மிதப்பைக் கட்டுப்படுத்துவது ஆழத்தைவிட மேல்தண்ணீரில்தான் கடினம். 25 மீட்டரில் அறியாமல் 2 மீட்டர் மேலே போனால் உங்கள் பிசிடி ஜாக்கெட்டில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் உடுப்பு) உள்ள காற்று ஏறத்தாழ 6 சதவீதம் விரியும். 5 மீட்டரில் அதே 2 மீட்டர் ஏறினால் 15 சதவீதம் விரியும். விரிந்த காற்று உங்களை இன்னும் மேலே தூக்கும், தூக்கத் தூக்க இன்னும் விரியும். பக்கத்தில் துருப்பிடித்த இரும்பு இருக்கும்போது இது நடந்தால், ஒன்று தலை இடிக்கும், இல்லை கை போய் எதையாவது பிடிக்கும்.

இரண்டாவது காரணம் அலை. மேலே ஓடும் அலையின் ஆட்டம், அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை கீழே தெரியும். 8 விநாடிக்கு ஒன்றாக வரும் அலை ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம் கொண்டது. ஆக 15 மீட்டரில் கிடக்கும் கப்பல் எப்போதும் அந்த ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது. படகில் உட்கார்ந்து இரண்டு அலை முகடுகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். கடல் மேலுக்கு எண்ணெய் போலத் தெரிந்தாலும், 10 விநாடிக்கு மேல் இடைவெளி விட்டுப் பெருத்து வரும் அலை இருந்தால் கீழே முன்னும் பின்னும் இழுக்கும்.

எங்கே, எப்போது

சென்னையிலிருந்து பக்கம் என்றால் இலங்கை. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக்கு வடக்கே, அக்குரல பக்கத்தில், இரண்டு பழைய கப்பல்கள் இருக்கின்றன. 1893இல் பாறையில் மோதிய நான்கு பாய்மரக் கப்பல் 'ஏர்ல் ஆஃப் ஷாஃப்ட்ஸ்பரி' ஒன்று. 1903இல் மூழ்கிய 'கொன்ச்' இன்னொன்று. உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல் தலைமுறையைச் சேர்ந்தது அது. இரண்டும் டைவிங்கின் முதல்நிலைச் சான்றிதழான ஓபன் வாட்டர் வைத்திருப்பவர் அனுபவமுள்ள வழிகாட்டியோடு இறங்கக்கூடிய ஆழத்தில்தான் பெரும்பகுதி கிடக்கின்றன. கிழக்குக் கரையில் பாசிக்குடாவுக்கு அப்பால் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. அதன் அடித்தளம் 20 மீட்டரைத் தாண்டும், அதனால் 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு பயிற்சி முடித்தவர்களுக்கு உரியது. அதே நாளில் அதே கடலில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது தொழில்நுட்ப டைவிங் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். மட்டக்களப்பில் யாராவது "பார்த்துவிட்டு வரலாம்" என்று ஆசை காட்டினாலும் சாதாரண சான்றிதழோடு அங்கே இறங்கக் கூடாது.

காலம் முக்கியம். மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டிப் போவதானால் கிழக்கு, பொங்கல் விடுமுறைக்கு மேற்கு. மாற்றிப் போனால் பணம் போகும், கப்பல் தெரியாது.

சென்னைக் கடலிலேயே மூழ்கிய கப்பல் இல்லையா என்ற கேள்வி வரும். இருந்திருக்கும். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் எல்லாம் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசுலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வந்தன. 1881 நவம்பர்ப் புயல் கட்டப்பட்டுவந்த துறைமுகச் சுவரையே உடைத்துப் போட்டது. ஆனால் துறைமுக எல்லைக்குள்ளும் கப்பல் வழித்தடத்திலும் பொழுதுபோக்கு டைவிங்குக்கு இடமில்லை. அங்கே தேடிப் போகாதீர்கள்.

புறப்படும் முன் சென்னையில் செய்ய வேண்டியது

சான்றிதழ் வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சி. அதில் மாஸ்க் தண்ணீர் வெளியேற்றுவதோடு நிறுத்திவிடாமல், கப்பலுக்குத் தேவையான இரண்டைச் சேருங்கள்.

ஒன்று, அசையாமல் மிதப்பது. குளத்தின் தரையில் 1 கிலோ ஈயக்கட்டியை வையுங்கள். அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உங்கள் மூக்கு இருக்கும்படி, உடல் தரைக்கு இணையாக, 3 நிமிடம் நில்லுங்கள். கைகளை நெஞ்சுக்கு முன் கோத்துக்கொள்ளுங்கள். கை தானாகத் துழாவினால் மிதப்பு சரியில்லை என்று அர்த்தம். காலை ஆட்டாமல் இருந்தால் கால் கீழே போகிறதா? இடுப்பு ஈயத்தில் 1 கிலோவை எடுத்துச் சிலிண்டர் பட்டையின் மேல்பக்கம் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

இரண்டு, தவளை உதை. வழக்கமாக நாம் அடிக்கும் மேல்-கீழ் உதை தண்ணீரைத் தரையை நோக்கித் தள்ளும். நூறு வருடமாகப் படிந்த வண்டல் அப்படியே எழும்பும். முழங்காலை மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்க்க மூடுங்கள். தண்ணீர் நேர் பின்னால் போகும். அதையே தலைகீழாகச் செய்து பின்னால் நகரவும் பழகுங்கள். பின்னால் போகத் தெரியாதவர் கப்பலின் இண்டு இடுக்குக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

குளத்தில் சரியாக இருந்த ஈய எடை கடலில் போதாது. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. உபகரணங்களோடு உங்கள் மொத்த எடை 100 கிலோ என்றால் கடலில் கூடுதலாக 2.5 கிலோ ஈயம் வேண்டும். குளத்துக்குப் பிறகு கோவளம் அல்லது புதுச்சேரிப் பக்கம் இரண்டு நாள் கடலில் இறங்கிப் பழகுவது இதற்காகவும்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து நம் கரை கலங்கிவிடும், அப்போது வேண்டாம். மற்ற மாதங்களில் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் அதைக் குறையாக எண்ணாதீர்கள். மங்கலில், கூட இறங்கும் ஜோடியை விட்டுப் பிரியாமல் இருக்கப் பழகியவர் கப்பலில் வண்டல் எழும்பும்போது பதறமாட்டார். நம் மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வண்ணி. இறங்கும் முன் படகுக்காரரிடம் "அண்ணே, இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம்?" என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

தண்ணீர் 28, 29 டிகிரி இருந்தாலும் 3 மில்லிமீட்டர் முழுநீள வெட்சூட் போடுங்கள். குளிருக்காக மட்டும் சொல்லவில்லை. இரும்பின் மேல் வளரும் தீப்பவளமும், இறகு போன்ற ஹைட்ராய்டுகளும் தோலில் பட்டால் தீப்பட்டது போல எரியும். முழங்கால் தெரியும் குட்டை உடை அங்கே உதவாது.

கத்தியைவிட முக்கியம் வலை வெட்டும் கொக்கி. பழைய கப்பல் என்றாலே மீன் கூட்டம், மீன் கூட்டம் என்றாலே வலை. கிழிந்து சிக்கிய நைலான் நரம்பு வலையைக் கத்தியால் அறுக்க முயன்றால் அது நழுவிக்கொண்டே போகும். உள்பக்கம் பிளேடு வைத்த கொக்கி அதை இழுத்த இழுப்பில் அறுக்கும். ஆம்புலன்சில் துணி வெட்டும் கத்தரிக்கோலும் நல்லது. இரண்டு கையாலும் எட்டக்கூடிய இடத்தில், நெஞ்சுப் பட்டையில் மாட்டுங்கள். காலில் கட்டிய கத்தி, கால் சிக்கும்போது பயன்படாது.

ஒரு டார்ச். பகலிலும் வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறம் கண்ணுக்கு மறைந்துவிடும், எல்லாம் நீலச்சாம்பலாகத் தெரியும். டார்ச் அடித்த இடத்தில் மட்டும் கப்பலின் மேல் படர்ந்த கடற்பஞ்சுகள் ஆரஞ்சும் சிவப்புமாக எழுந்து வரும். அதைவிட முக்கியமாக, இடுக்கில் கையளவு தூரத்தில் இருக்கும் கல்மீனை டார்ச்தான் காட்டிக்கொடுக்கும்.

மேலே ஏறும்போது அனுப்ப 1.5 மீட்டர் நீள ஆரஞ்சு மிதவையும், 15 மீட்டருக்குக் குறையாத நூல் சுற்றிய ஸ்பூலும். விசில். டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. ஜோடிக்கு ஒன்று என்பது கணக்கில் சேராது. டெட்டனஸ் ஊசி 10 வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.

காற்றுக் கணக்கு

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். வழக்கமாகக் கிடைக்கும் 80 கன அடி அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். நிதானமாக மூச்சு விடும் ஒருவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் போகும் என்று வையுங்கள். 14 மீட்டரில் அழுத்தம் 2.4 பார். ஆக நிமிடத்துக்கு 48 லிட்டர், சிலிண்டரில் 4.3 பார். 200 பாரில் தொடங்கி 80 பாரில் மேலேறத் தொடங்கினால் கீழே உங்களுக்குக் கிடைப்பது 28 நிமிடம்.

ஏன் 80? மேலேறத் தொடங்கும் நேரத்தில் உங்கள் ஜோடியின் காற்று நின்றுவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். இருவரும் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் இழுப்பார்கள். வாயில் வைத்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரைக் கொடுத்து நிதானப்பட 1 நிமிடம், 14 மீட்டரிலிருந்து ஏற ஏறத்தாழ 2 நிமிடம், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம். கூட்டினால் சுமார் 56 பார் ஆகும். 50 பாரில் கப்பலை விட்டுக் கிளம்புகிறவருக்கு அந்தக் கணக்கு நிறைவேறாது. அதனால் 120 பார் காட்டும்போது திரும்புங்கள், 80 பாரில், இறங்கிய கயிற்றின் அடியில் இருங்கள். இருவரில் யாருடைய காற்றழுத்த மானி முதலில் 120 காட்டுகிறதோ அதுதான் இருவருக்கும் கணக்கு.

படகில் ஏறியதும் மானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கு ஆழ்ந்த மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் துடித்துத் துடித்துத் திரும்பினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே மூச்சு தாராளமாக வரும், 14 மீட்டரில் திணறும். காற்றில் எண்ணெய் வாசனையோ புகை வாசனையோ வந்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள், வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எடைச் சோதனை கடலில் மறுபடியும். பிசிடியில் காற்றில்லாமல், சாதாரண மூச்சை நிறுத்தி நிமிர்ந்து நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 2 கிலோ சேருங்கள். 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது சிலிண்டர் அவ்வளவு எடை இழக்கும். இந்த 2 கிலோவைச் சேர்க்காதவர்தான் கடைசி 5 மீட்டரில் நிற்க முடியாமல் தக்கை போல மேலே வருவார்.

இறங்குதல்

கிழக்கிலங்கையில் படகுக்காரர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி, பயன்படுத்துங்கள். "அண்ணன், கீழ புதுசா வலை ஏதும் கிடக்கா? தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் தண்ணீரில் குதிக்காதீர்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, இன்று திறந்து பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

நங்கூரத்தைக் கப்பலின் மேல் போடும் படகில் ஏறாமல் இருப்பதே மேல். ஒரு நங்கூரம் ஒரே இழுப்பில் உடைப்பதை நூறு டைவர்கள் சேர்ந்தாலும் உடைக்க முடியாது. பக்கத்து மணலில் எடை இறக்கி மிதவை கட்டிய கயிறுதான் சரி. அந்தக் கயிற்றைப் பிடித்தே இறங்குங்கள். காதை வலி வந்த பிறகு சரிசெய்யாமல், முதல் மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு ஒருமுறை சரிசெய்யுங்கள். கயிற்றின் அடிக்கு வந்ததும் 1 நிமிடம் அங்கேயே நின்று நீரோட்டத்தின் திசை, திசைமானி, காற்றழுத்த மானி மூன்றையும் பாருங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போய், திரும்பும்போது அதோடு வர வேண்டும்.

கப்பலைப் படிப்பது

100 வருடம் ஆன கப்பல் படத்தில் வரும் கப்பல் போல நிற்காது. மெல்லிய தகடுகள் முதலில் கரைந்து, பக்கச் சுவர்கள் வெளியே சாய்ந்து, தரையில் விரித்த ஓலைப்பாய் போலக் கிடக்கும். "இது வெறும் இரும்புக் குவியல்" என்று ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் எதைத் தேடுவது என்று தெரியாமல் போனவர்கள். கனமான இரும்பு கடைசிவரை நிற்கும், அதைத் தேடுங்கள். நீராவிக் கப்பல் என்றால் அறை உயரத்துக்கு உருளையாக நிற்கும் கொதிகலன். அதன் முகப்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இப்போது மீன்களின் வீடு. அதையடுத்து எஞ்சின். எஞ்சினிலிருந்து நீளும் தண்டின் வழியே பார்வையை ஓட்டினால் சுழல்விசிறி இருந்த இடம், அதாவது அமரம் (கப்பலின் பின்பகுதி). எதிர்த்திசையில் நங்கூரச் சங்கிலி குவிந்து ஒரே பாறையாக இறுகிய இடம் அணியம் (முன்பகுதி). பாய்மரக் கப்பலில் கொதிகலன் இருக்காது. பாய்மரக் குழாய்கள் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கின்றன என்று பாருங்கள், கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அவை சொல்லும்.

நீரோட்டம் மோதாத பக்கமாக, இரும்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நகருங்கள். அலை இழுக்கும்போது எதிர்த்து உதைக்காதீர்கள். முன்னால் தள்ளும்போது அதோடு போங்கள், பின்னால் இழுக்கும்போது உதைக்காமல் மிதந்து நில்லுங்கள், அடுத்த தள்ளலில் மறுபடி போங்கள். எதிர்த்து உதைத்தால் காற்று இரட்டிப்பாகச் செலவாகும். இரண்டு தகடுகளுக்கு இடையே நுழைந்து போகும் இடத்தில் ஆட்டம் இருந்தால் அதற்குள் போகவே வேண்டாம்.

உள்ளே நுழைவது? சிறப்புப் பயிற்சியும், வழிக்கயிறும், இரண்டு விளக்கும் இல்லாமல் கூடாது. வெளியே வரும் வழி கண்ணுக்கு நேரே தெரிந்தாலும் சரி. காரணம் உங்கள் மூச்சுதான். விட்ட குமிழிகள் மேலே போய்த் துருப்பிடித்த கூரைத் தகட்டில் மோதும். முதலில் மிளகாய்த்தூள் சிந்தியது போலச் செந்தூள் இறங்கும். அடுத்த மூச்சுக்கு நகத்தளவு துருச் செதில்கள். அதற்கடுத்த மூச்சுக்குக் கை நீட்டினால் விரல் தெரியாது. காலை அசைக்காமல் சும்மா நின்றாலும் இது நடக்கும். கூரையின் அடியில் நின்று விட்ட மூச்சு, அந்தக் கூரையின் ஆயுளையும் குறைக்கிறது.

வலையில் சிக்கினால்

பின்னாலிருந்து மெல்ல யாரோ பிடித்து இழுப்பது போல முதலில் தோன்றும். உடனே திரும்பிப் பார்க்கத்தான் உடல் சொல்லும். திரும்பாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் சிலிண்டர் வால்வில் மாட்டிய ஒற்றை நரம்பு உங்களையே சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று, ஒரு மூச்சு முழுதாக விட்டு, டார்ச்சை வட்டமாகச் சுழற்றி ஜோடியைக் கூப்பிடுங்கள். பிறகு வந்த வழியே அரை அடி பின்னால் நகருங்கள், பாதி நேரம் இதிலேயே விடுபடும். விடவில்லையென்றால் ஜோடி வெட்டட்டும். வெட்டுகிறவர் ஒரு கையால் நரம்பைப் பிடித்து, ரெகுலேட்டர் குழாய் அல்ல என்று விரலால் தடவி உறுதி செய்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

தொடக்கூடாதவை

சிங்கமீனும் தேள்மீனும் கல்மீனும் இரும்பின் நிழலில்தான் இருக்கும். கை வைத்தால்தான் குத்தும், தானாகத் துரத்தி வராது. குத்திவிட்டால் மேலே வந்ததும் அந்த இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரி வரை உள்ள வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, அதனால் சூட்டை வேறொருவர் கையால் பார்க்க வேண்டும். படகில் பிளாஸ்கில் வெந்நீர் இருப்பது நல்லது.

போர்க்காலக் கப்பலில் உருளையாகவோ கூம்பாகவோ எதைப் பார்த்தாலும் தள்ளி நில்லுங்கள். வெடிமருந்து தண்ணீரில் ஊறியதால் செத்துவிடாது.

பீங்கான் துண்டு, பித்தளைக் குமிழ், ஒரு ஆணி, எதையும் எடுக்காதீர்கள். இலங்கையில் 100 ஆண்டு கடந்த கப்பல்கள் தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, எடுப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், எடுத்தாலும் அது உங்களிடம் தங்காது. நூறு வருடம் கடலில் கிடந்த இரும்பு உள்ளெல்லாம் உப்பை உறிஞ்சியிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் உப்பு படிகமாகி, இரும்பு உள்ளிருந்தே வெடித்து, சில மாதத்தில் அலமாரியில் செந்தூளாகக் கொட்டும். கீழே இருந்தவரை அது இருந்தது.

மேலேறுதல், கரை சேர்ந்த பின்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். கயிறு அருகில் இருந்தால் அதையே பிடித்து ஏறுங்கள். இல்லையென்றால் 6 மீட்டரில் நின்று மிதவையை அனுப்புங்கள். ஸ்பூல் நூல் பிசிடியில் எதிலும் மாட்டியிருக்கவில்லை என்று பார்த்த பிறகே காற்று ஊதுங்கள். மிதவையில்லாமல் தலையை நீட்டினால் வேகமாகப் போகும் ஃபைபர் படகுக்கு உங்கள் தலை தெரியாது. 5 மீட்டரில் 3 நிமிடம், அலை ஆட்டம் இருந்தால் 6 மீட்டரில் நில்லுங்கள்.

அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போதே இதை எழுதிவையுங்கள். பல டைவுகளுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம், 24 என்றால் இன்னும் நல்லது. விமானம் என்றால் எல்லோருக்கும் நினைவிருக்கும், மலை மறந்துபோகும். பாசிக்குடாவில் காலையில் டைவ் முடித்து மாலையில் நுவரெலியா போய்ச் சேர்ந்தால் நீங்கள் 1,800 மீட்டர் உயரத்தில், விமானத்தில் போலவே குறைந்த காற்றழுத்தத்தில் இருக்கிறீர்கள். புதுச்சேரியில் டைவ் செய்த கையோடு ஏற்காடு போவதும் அப்படித்தான். மலையை முதலில் வையுங்கள், கடலைப் பின்னால்.

உபகரணங்களை நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். பிசிடிக்குள்ளும் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி வெளியேற்றுங்கள். உள்ளே காய்ந்த உப்புதான் பிறகு காற்று நுழைக்கும் பொத்தானை அழுத்திய நிலையிலேயே சிக்க வைக்கும்.

அன்றிரவே பதிவேட்டில் ஈய எடை, தொடங்கிய பார், முடித்த பார், 5 மீட்டரில் நிற்க முடிந்ததா என்பதை எழுதுங்கள். கூடவே கப்பலைப் பென்சிலால் வரையுங்கள். கொதிகலன் எங்கே, அமரம் எந்தத் திசை, வலை எங்கே தொங்கியது. மறுநாள் அதே கப்பலில் இறங்கும்போது அந்தக் கோட்டுப்படத்தைப் படகுக்காரரிடம் காட்டுங்கள். விட்டுப்போன இடத்தை அவர் விரல் வைத்துக் காட்டுவார்.